உடலுக்குள் ஓர் அரண்

நுழையும்முன்

பகைவர் மதிலைக் கடந்து உள்ளே புகுந்துவிட்டதனாலேயே கோட்டை வீழ்ந்துவிடுவதில்லை. உள்ளிருக்கும் படை எவ்வாறு போரிடுகிறது என்பதைப் பொறுத்தே வெற்றியும் தோல்வியும் அமைகின்றன. உயிரினங்களின் உடலும் அத்தகைய கோட்டையே. ஒரே ஊரில், ஒரே வகைப் பூச்சி கடித்து, ஒரே ஒட்டுண்ணி உடலுக்குள் புகுந்த பின்னும் ஒரு நாய் நலமாக ஓடித் திரிகிறது. மற்றொரு நாய் மெலிந்து மடிகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? நோயைத் தாங்கும் ஆற்றல் சில நாய் இனங்களில் மிகுந்தும் சிலவற்றில் குறைந்தும் காணப்படுவது ஏன்? மத்தியதரைக்கடற் பகுதியில் நாய்களைத் தாக்கும் லீஷ்மேனியா நோயை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தீவும் மணல் ஈயும்

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பால், மத்தியதரைக்கடலில் பலேரிக் தீவுகள் அமைந்துள்ளன. மயோர்கா, மெனோர்கா, இபிசா, ஃபொர்மென்தேரா என்பன அவற்றுள் முதன்மையானவை. நீண்ட வெப்பமான கோடையும் மிதமான குளிர்காலமும் கொண்ட இத்தீவுகளில் கற்சுவர்களின் இடுக்குகளும் கால்நடைத் தொழுவங்களும் இலைதழை மட்கிய நிலமும் மணல் ஈக்கள் பெருகுவதற்கு ஏற்ற இடங்களாக உள்ளன.

ஈ என்று பெயர் பெற்றிருப்பினும் மணல் ஈ கொசுவை விடச் சிறியது. அதன் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரையே இருக்கும். பகலில் மறைவிடங்களில் ஒடுங்கியிருந்து, அந்தி தொடங்கி விடியும் வரை இரை தேடிப் பறக்கும். பறக்கும்போது கொசுவைப் போல ஒலி எழுப்பாது. முட்டைகள் வளர்வதற்குத் தேவையான ஊட்டத்திற்காகப் பெண் பூச்சிகள் மட்டுமே குருதியை உறிஞ்சுகின்றன. அவ்வாறு உறிஞ்சும்போது, பூச்சியின் உடலில் உள்ள லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி நாயின் தோலுக்குள் இறங்குகிறது.

பூச்சியின் குடலில் வாழும்போது இவ்வொட்டுண்ணி நீண்ட உடலும் நீந்துவதற்குரிய கசையிழையும் கொண்டது. நாயின் தோலுக்குள் புகுந்ததும் பெருவிழுங்கு செல்கள் அதனை விழுங்குகின்றன. நுண்ணுயிரிகளை விழுங்கிச் செரிப்பதே இச்செல்களின் பணியாகும். ஆனால், லீஷ்மேனியா அங்கே செரிக்கப்படாமல், புறத்தே நீண்டிருந்த கசையிழையை இழந்து உருண்டை வடிவம் பெற்று, அச்செல்லுக்குள்ளேயே பெருகத் தொடங்குகிறது. காவலனின் இல்லமே கள்வனின் உறைவிடமாகிவிடுகிறது. இந்நோயின் தனித்தன்மையும் அதனை வெல்வதிலுள்ள அருமையும் இங்கேதான் அடங்கியுள்ளன.

ஒட்டுண்ணியை இனங்கண்ட வரலாறு

இவ்வொட்டுண்ணிப் பேரினத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு முதன்மையான இடம் உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் பாசறையில் பணியாற்றி, காய்ச்சலுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணிய உருவங்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1903ஆம் ஆண்டில் எழுதினார். அதே ஆண்டில் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் என்னும் மருத்துவரும் நோயாளிகளின் மண்ணீரலில் அவ்வுருவங்களைக் கண்டு வெளியிட்டார். மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், இருவரின் பெயர்களையும் இணைத்து அவ்வொட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவானி எனப் பெயர் சூட்டினார். பீகார், வங்காளப் பகுதிகளில் பெருந்துயர் விளைவித்த காலா அசார் நோய்க்குக் காரணம் இதுவே.

வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் நிக்கோல், குழந்தைகளைத் தாக்கிய இதே போன்றதொரு நோயை ஆராய்ந்தார். அதன் ஒட்டுண்ணிக்கு 1908ஆம் ஆண்டில் லீஷ்மேனியா இன்ஃபான்டம் எனப் பெயரிட்டார். அவ்வொட்டுண்ணி நாய்களின் உடலிலும் வாழ்வதை அவர் கண்டறிந்தார். இந்தியாவில் காலா அசார் மணல் ஈயின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது. மத்தியதரைக்கடற் பகுதியிலோ நாயே ஒட்டுண்ணியின் முதன்மையான தேக்கிடமாக விளங்குகிறது. எனவே, அங்கு நாயின் நலமும் மனிதரின் நலமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

சார்லஸ் டோனோவன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இராயபுரம் மருத்துவமனையிலும் பணியாற்றியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் விளங்கினார். லீஷ்மேனியா டோனோவானி என்னும் பெயரின் வழியாக, உலகெங்கும் உள்ள மருத்துவ நூல்களில் சென்னையின் ஆய்வுப்பணி நினைவுகூரப்படுகிறது.

தொற்று வேறு, நோய் வேறு

லீஷ்மேனியா நோய் முற்றிய நாயின் தோற்றம் இரங்கத்தக்கது. கண்களைச் சுற்றி முடி உதிரும். தோலிலிருந்து செதில்கள் உதிரும். நகங்கள் இயல்புக்கு மீறி நீளும். நிணநீர் முடிச்சுகள் வீங்கும். மூக்கிலிருந்து குருதி வடிவதும் உண்டு. உணவு உண்டபோதும் உடல் மெலியும். இறுதியில் சிறுநீரகங்கள் செயலிழப்பதே பெரும்பாலும் இறப்புக்குக் காரணமாகிறது.

ஒட்டுண்ணி புகுந்த நாய்கள் யாவும் இந்நிலையை அடைவதில்லை. மயோர்கா தீவில் 100 நாய்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. திசுக்களில் ஒட்டுண்ணியின் மரபுப்பொருளோ குருதியில் எதிர்ப்பொருளோ காணப்பட்ட, அதாவது தொற்றுற்ற நாய்கள் 67 விழுக்காடாக இருந்தன. ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் 26 விழுக்காட்டு நாய்களின் குருதியில் இருந்தன. நோயின் அறிகுறிகளோ 13 விழுக்காட்டு நாய்களில் மட்டுமே வெளிப்பட்டன.

இம்மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. முதலாவது, ஒட்டுண்ணி உடலில் இருக்கும் நிலை. இரண்டாவது, உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிய நிலை. மூன்றாவது, உடல் நோயுற்ற நிலை. மூன்றில் இரண்டு பங்கு நாய்களின் உடலில் பகை புகுந்திருந்தும், எட்டில் ஒரு பங்கு நாய்களே நோயுற்றன. தொற்றுக்கும் நோய்க்கும் இடையே ஏதோ ஓர் அரண் நின்று காக்கிறது என்பது இதனால் புலனாகிறது.

இருவகைப் படைகள்

உடலின் நோய்த்தடைகாப்பு முறையை இருவகைப் படைகளாகக் கொண்டு விளக்கலாம். ஒன்று, எதிர்ப்பொருள்களைக் கொண்டு போரிடுவது. எதிர்ப்பொருள்கள் என்பன குருதியிலும் பிற உடல்திரவங்களிலும் உலவும் புரதங்கள். இவை செல்களுக்கு வெளியே உலவும் நுண்ணுயிரிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன. இதனை உடல்திரவவழித் தடைகாப்பு என்பர். மற்றொன்று, செல்களே நேரடியாகப் போரில் ஈடுபடுவது. இதனைச் செல்வழித் தடைகாப்பு என்பர்.

இவ்விரு படைகளுள் எதனை முன்னிறுத்துவது என்பதை நெறிப்படுத்துவதில் உதவி டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இச்செல்களுள் இருவகை உள்ளமையை டிம் மாஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோர் 1986ஆம் ஆண்டில் எலிகளின் செல்களைக் கொண்டு எடுத்துக்காட்டினர். முதல்வகைச் செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்னும் வேதித்தூதனைச் சுரந்து, பெருவிழுங்கு செல்களைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட பெருவிழுங்கு செல்கள் நைட்ரிக் ஆக்சைடு முதலிய நச்சு வேதிப்பொருள்களை உருவாக்கித் தமக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை அழிக்கின்றன. இரண்டாம் வகைச் செல்களோ வேறுவகை வேதித்தூதர்களைச் சுரந்து எதிர்ப்பொருள் உற்பத்தியைப் பெருக்குகின்றன.

குடற்புழுக்களைப் போலச் செல்களுக்கு வெளியே வாழும் ஒட்டுண்ணிகளை எதிர்க்க இரண்டாம் வகையே ஏற்றது. லீஷ்மேனியா செல்லுக்குள் மறைந்து வாழ்வது. செல்லின் சவ்வைத் தாண்டி எதிர்ப்பொருள்களால் உள்ளே செல்ல இயலாது. வீட்டுக்குள் கள்வன் இருக்க, வீதியெங்கும் காவலரை நிறுத்துவதால் பயனில்லை. அதுமட்டுமன்று, அளவுக்கு மீறிப் பெருகிய எதிர்ப்பொருள்கள் ஒட்டுண்ணியின் சிதைவுகளோடு இணைந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. நோயுற்ற நாய்களின் சிறுநீரகங்கள் பழுதடைவதற்கு இதுவே முதன்மையான காரணம். காக்க வேண்டிய படையே கோட்டையை இடிக்கிறது.

ஆகவே, எதிர்ப்பொருள் மிகுந்திருத்தல் வலிமையின் அடையாளம் என்னும் பொதுக்கருத்து லீஷ்மேனியா நோயைப் பொறுத்தவரை பொருந்தாது. நோய் முற்றிய நாயின் குருதியில்தான் எதிர்ப்பொருள்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. நோயைக் கட்டுப்படுத்தி வாழும் நாயிடம் அவை குறைவாகவோ அளவிட இயலாத நிலையிலோ இருக்கும். அதன் செல்வழித் தடைகாப்போ வலுவாக இருக்கும்.

இபிசா வேட்டைநாய்

பலேரிக் தீவுகளில் முயல் வேட்டைக்குப் பயன்படும் நாய் இனம் இபிசா வேட்டைநாய் ஆகும். பொதெங்கோ இபிசென்கோ என்பது ஸ்பானிய மொழியில் அதன் பெயர். நெடிய கால்களும் நிமிர்ந்த பெரிய காதுகளும் ஒல்லியான உடலும் கொண்டது. இவ்வின நாய்கள் மணல் ஈக்கள் நிறைந்த சூழலில் வாழ்ந்தும் லீஷ்மேனியா நோய்க்கு அரிதாகவே ஆளாவதை அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதன் காரணத்தை அறிய, பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இபிசா வேட்டைநாய்களையும் அதே பகுதியில் வாழும் பிற இன நாய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கொல்லப்பட்ட லீஷ்மேனியாவிலிருந்து உருவாக்கிய கரைசலைச் சிறிதளவு தோலுக்குள் செலுத்துவது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்றாகும். ஒட்டுண்ணியை முன்பே எதிர்கொண்டு, செல்வழித் தடைகாப்பைப் பெற்ற உடலாயின் ஊசியிட்ட இடம் இரண்டு மூன்று நாள்களில் தடித்துச் சிவக்கும். அத்தகைய தடைகாப்பு இல்லாத உடலில் தோல் இயல்பாகவே இருக்கும்.

2000ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வின் முடிவு தெளிவானதாக இருந்தது. இபிசா வேட்டைநாய்களுள் பெரும்பாலானவற்றில் செல்வழித் தடைகாப்பு வெளிப்பட்டது. பிற இன நாய்களில் அத்தகையவை அதனினும் குறைந்த விழுக்காடாகவே இருந்தன. இபிசா வேட்டைநாய்களை மணல் ஈக்கள் கடிக்காமல் விட்டுவிடவில்லை. ஒட்டுண்ணி அவற்றின் உடலுக்குள் புகாமலும் இல்லை. புகுந்த பகையை எதிர்கொள்ள அவற்றின் உடல் தகுந்த படையைத் தேர்ந்தெடுத்தது. இதுவே அவற்றின் எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படை எனலாம்.

இதற்கு எதிர்நிலையில் உள்ள இனங்களும் உண்டு. பாக்சர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வெய்லர், காக்கர் ஸ்பேனியல் ஆகிய இன நாய்கள் லீஷ்மேனியா நோய்க்கு எளிதில் ஆளாகின்றன என்பது மத்தியதரைக்கடல் நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது.

மரபணுவின் பங்கு

ஒரு பண்பு ஓரினத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடருமாயின் அதன் வேர் மரபணுவில் இருத்தல் வேண்டும். இதற்கான முதற்சான்று எலிகளிடமிருந்து கிடைத்தது. சில எலி வழிகள் லீஷ்மேனியா டோனோவானியை எதிர்த்து நிற்கின்றன. சில அதற்கு எளிதில் இரையாகின்றன. தொற்றின் தொடக்க நாள்களில் ஒட்டுண்ணி எவ்வளவு பெருகும் என்பதைத் தனியொரு மரபணுவே முடிவு செய்வதாக 1970களில் அறியப்பட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டில் அம்மரபணுவைப் பிரித்தெடுத்து இனங்கண்டனர். அது இன்று எஸ்.எல்.சி.11ஏ1 என வழங்கப்படுகிறது.

இம்மரபணு உருவாக்கும் புரதம், பெருவிழுங்கு செல் தான் விழுங்கிய நுண்ணுயிரியை அடைத்துவைக்கும் சிறு பையின் சவ்வில் அமைந்துள்ளது. இரும்பு, மாங்கனீசு போன்ற உலோக அயனிகளை அது அப்பையிலிருந்து வெளியேற்றுகிறது. ஒட்டுண்ணி வளர்வதற்கு இவ்வயனிகள் இன்றியமையாதவை. கோட்டைக்குள் புகுந்த பகைவனுக்கு உணவும் நீரும் கிடைக்காமல் செய்து அவனைச் சோர்வடையச் செய்வது போன்றது இச்செயல். நோய்க்கு ஆளாகும் எலிகளில் இப்புரதத்தின் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களுள் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. 169ஆம் இடத்தில் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தது. அவ்வொரு மாற்றமே புரதத்தைச் செயலிழக்கச் செய்யப் போதுமானதாக இருந்தது.

நாய்களில் இம்மரபணு 37ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. இம்மரபணுவில் காணப்படும் சில வேறுபாடுகளுக்கும் நாய்கள் நோய்க்கு ஆளாவதற்கும் தொடர்பு இருப்பதை ஸ்பெயின் நாட்டு ஆய்வுகள் காட்டின. பாக்சர் இனத்தில் இத்தொடர்பு குறிப்பிடத்தக்கதாக இருந்தது. அயற்பொருள்களை டி செல்களுக்கு இனங்காட்டும் புரதங்களை உருவாக்கும் மரபணுத் தொகுதியும் நோயின் போக்கில் பங்கு கொள்கிறது.

எனினும், ஒரு மரபணுவைக் கொண்டே அனைத்தையும் விளக்கிவிட இயலாது. பாக்சர் நாய்களின் மரபுத்தொகுதி முழுவதையும் அலசி 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பல மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்புகள் ஒன்றுசேர்ந்தே நோய்க்கு ஆளாகும் தன்மையைத் தீர்மானிக்கின்றன என்பதை உணர்த்தியது. சிறுதுளிகள் கூடிப் பெருவெள்ளமாவது போன்றே எதிர்ப்பாற்றலும் அமைகிறது. நாயின் வயது, உணவு, உடன் வந்து சேரும் பிற தொற்றுகள் ஆகியனவும் அதன் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எதிர்ப்பாற்றல் மிகுந்த இனத்திலும் ஒருசில நாய்கள் நோயுறுவதும், எதிர்ப்பாற்றல் குறைந்த இனத்திலும் பல நாய்கள் நலமாக வாழ்வதும் இதனாலேயே ஆகும்.

வடிவத்தைத் தேர்ந்தவர், உயிரைத் தேர்ந்தது

இனங்களுக்கிடையே இவ்வேறுபாடு தோன்றிய விதத்தை அறிய, நாய் இனங்கள் உருவான முறையை அறிதல் வேண்டும். இன்றைய நாய் இனங்களுள் பல, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வரையறுக்கப்பட்டவை. விரும்பிய வடிவமும் நிறமும் குணமும் கொண்ட சில நாய்களைத் தேர்ந்து, அவற்றின் வழித்தோன்றல்களை மட்டுமே தமக்குள் இணைசேர்த்து, பிறப்புப் பதிவேடுகளைப் பேணி அவ்வினங்களை உருவாக்கினர். பாக்சரும் ஜெர்மன் ஷெப்பர்டும் அந்நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வடிவம் பெற்றவை. லீஷ்மேனியா நோய் நிலைகொண்ட மத்தியதரைக்கடற் கரையிலிருந்து தொலைவில் உருவான இனங்கள் அவை. லீஷ்மேனியாவை எதிர்க்கும் மரபணு வடிவம் அவற்றிடையே மங்கியிருப்பினும் அவ்விழப்பு அங்கு வெளிப்பட வழியில்லை. அவ்வினங்கள் தெற்கு நோக்கிக் கொண்டு செல்லப்பட்டபோதுதான் உள்ளிருந்த குறை வெளிப்பட்டது.

குறுகிய வட்டத்திற்குள் இணைசேர்ப்பதால் மரபியல் வேறுபாடு குறைகிறது. நாயின் மரபுத்தொகுதி வரிசையை முதன்முதலில் முழுமையாகப் படித்தறிய முனைந்த அறிவியலாளர்கள் ஒரு பெண் பாக்சர் நாயைத் தேர்ந்தெடுத்தனர். தாய்வழியும் தந்தைவழியும் வந்த மரபணுக்களுக்கிடையே வேறுபாடு குறைந்திருந்ததால் வரிசையை அறிவது எளிதாக இருந்தது. 2005ஆம் ஆண்டில் அவ்வரிசை வெளியிடப்பட்டது. அறிவியலுக்கு உதவிய அவ்வொருமையே, புதிய நோயொன்றை எதிர்கொள்ளும்போது ஓரினத்திற்குக் குறையாகவும் அமையக்கூடும். எல்லாரிடமும் ஒரே வகைப் படைக்கலன் இருக்குமாயின், அப்படைக்கலன் பயன்படாத பகைவன் வரும்போது அனைவரும் ஒருசேரத் தோற்பர்.

இபிசா வேட்டைநாயின் நிலை வேறு. அது பழங்கால எகிப்திலிருந்து வணிகர்களால் கொண்டுவரப்பட்டது என்னும் செவிவழிச் செய்தி நிலவுகிறது. பல இன நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவ்வினம் அத்துணைத் தொன்மையானது என்னும் கருத்துக்குச் சான்று தரவில்லை. ஆயினும், எதிர்ப்பாற்றலுக்குத் தொன்மையைவிட வாழிடமே இன்றியமையாதது. தலைமுறை தலைமுறையாக அந்நாய்கள் திறந்தவெளியில், மணல் ஈக்கள் உலவும் இரவுகளில் வாழ்ந்து வந்துள்ளன. அத்தகைய இடத்தில் நோயுற்ற நாய் வேட்டைக்குப் பயன்படாது. குட்டிகளை ஈன்று வளர்க்கும் வாய்ப்பும் அதற்குக் குறைவு. நோயைத் தாங்கிய நாய்களின் குட்டிகளே பெருகும். இயற்கைத் தேர்வின் இந்நெறிப்படி, மனிதர் வேட்டைத்திறனை நோக்கித் தேர்ந்தெடுத்த அதே காலத்தில், அவர் அறியாமலேயே ஒட்டுண்ணியும் தன்னை எதிர்க்க வல்ல நாய்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது எனலாம்.

இது நாய்களுக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ந்டாமா என்னும் மாட்டினம், செட்சி ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணியைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறது. அயலிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகள் மடியும் நிலத்திலும் அது நிலைத்து நிற்கிறது. ஒரு மண்ணின் நோயோடு நெடுங்காலம் போராடிய இனம், அப்போராட்டத்தின் பயனைத் தன் மரபணுக்களில் சுமந்து நிற்கிறது.

அறிவு தரும் பொறுப்பு

தொற்று வேறு, நோய் வேறு என்னும் உண்மை, உயிர்களைக் காப்பதிலும் அழிப்பதிலும் பெரும்பங்கு வகிக்கிறது. ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் பரவிய லீஷ்மேனியா இன்ஃபான்டம் பிரேசில் நாட்டில் நிலைகொண்டது. மனிதரிடம் நோய் பரவுவதைத் தடுக்கும்பொருட்டு, குருதியில் எதிர்ப்பொருள் காணப்பட்ட நாய்களைக் கொல்லும் நடைமுறையை அந்நாடு பல ஆண்டுகள் பின்பற்றியது. மயோர்கா ஆய்வில் எதிர்ப்பொருள் காணப்பட்ட நாய்களின் விழுக்காடு நோயுற்றவற்றின் விழுக்காட்டைப் போல் இருமடங்காக இருந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். எதிர்ப்பொருளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், தொற்றைத் தாங்கி வாழும் நாயும் நோயுற்ற நாயும் ஒன்றாகவே எண்ணப்படும். மேலும், கொல்லப்பட்ட நாயின் இடத்தை மக்கள் விரைவில் இளங்குட்டியைக் கொண்டு நிரப்பினர். தொற்றை அதுவரை எதிர்கொண்டிராத அக்குட்டி மீண்டும் ஒட்டுண்ணிக்கு இரையானது. அந்நடைமுறையின் பயன் குறித்து அறிவியலாளர்களிடையே ஐயம் எழுந்தது.

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டை அடுத்த ஃபுவென்லப்ராடா பகுதியில் 2009ஆம் ஆண்டு முதல் மனிதரிடையே லீஷ்மேனியா நோய் மிகுதியாகப் பரவியபோது, அங்கு காட்டு முயல்களே ஒட்டுண்ணியின் தேக்கிடமாக இருந்தமை கண்டறியப்பட்டது. நாய்களை அழிப்பதால் மட்டும் நோயை ஒழிக்க இயலாது என்பதை இந்நிகழ்வும் உணர்த்துகிறது.

கொல்லாமல் காக்கும் வழிகளும் உள்ளன. மணல் ஈக்களை விரட்டும் டெல்டாமெத்ரின் என்னும் வேதிப்பொருள் தோய்ந்த கழுத்துப்பட்டையை நாய்க்கு அணிவித்தல் அவற்றுள் எளியது. ஈரான் நாட்டின் வடமேற்குச் சிற்றூர்களில் நாய்களுக்கு இப்பட்டையை அணிவித்தபோது, அவ்வூர்க் குழந்தைகளிடையே தொற்று குறைந்தது என்பதை 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. நாய்களுக்கான லீஷ்மேனியா தடுப்பூசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இபிசா வேட்டைநாயின் உடல் இயல்பாகச் செய்வதைப் பிற நாய்களின் உடலுக்குக் கற்பிப்பதே அதன் நோக்கமாகும். அதாவது, எதிர்ப்பொருளைப் பெருக்குவதைவிடச் செல்வழித் தடைகாப்பைத் தூண்டுவதையே அது முதன்மையாகக் கொண்டது.

எதிர்ப்பாற்றலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நலமாகத் தோன்றும் நாயின் உடலில் ஒட்டுண்ணி அடங்கியிருக்கலாம். அத்தகைய நாயைக் கடித்த மணல் ஈ பிற உயிர்களுக்கு அதனைக் கொண்டு செல்லக்கூடும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1999ஆம் ஆண்டில் நரிவேட்டை நாய்களிடையே இந்நோய் வெளிப்பட்டது. அங்கு அது பரவியதற்கு மணல் ஈக்கள் முதன்மைக் காரணமாகத் தோன்றவில்லை. கருவுற்ற தாயிடமிருந்தே குட்டிகளுக்குத் தொற்று சென்றமை பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. எனவே, நோயைத் தாங்கும் நாயாயினும் மணல் ஈக்களிடமிருந்து அதனைக் காப்பதும், தொற்றுள்ள நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாதிருப்பதும் கடமைகளாகும்.

நாயைத் தேர்ந்தெடுப்போர் அதன் தோற்றத்தையே முதலில் நோக்குகின்றனர். காதின் நிமிர்வும் முடியின் நிறமும் கண்ணுக்குப் புலனாகும்; பெருவிழுங்கு செல்லின் ஆற்றலோ புலனாகாது. ஆனால், மணல் ஈ கடித்த பின் நாயின் உயிர் தங்குவது கண்ணுக்குப் புலனாகாத அவ்வாற்றலால்தான். அவ்வாற்றல் ஓரிடத்து மண்ணோடும் அம்மண்ணின் நோயோடும் பல தலைமுறைகள் போராடிப் பெறப்பட்டது. வடிவத்திற்காக மட்டுமே இனத்தைப் பெருக்குவோர் அதனை ஒருசில தலைமுறைகளிலேயே இழந்துவிடக்கூடும். இழந்தபின் அதனை மீட்டெடுப்பது எளிதன்று. அந்தந்த நிலத்தின் நாய் இனங்களை அவற்றின் மரபியல் வேறுபாடு குன்றாமல் பேணிக் காப்பது, இனி வரவிருக்கும் நோய்களை எதிர்கொள்வதற்கான அரணையும் காப்பதாகும்.